இடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் கவனிங்க

"சிவில் தானே படிக்கிற, வீட்டை மாத்திக் கட்ட ஒரு பிளான் போட்டுக் குடு." போன செமஸ்டர் லீவில் அப்பா இப்படிச் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ரெண்டே நாளில் ஆட்டோகேடில் வரைந்து முடித்துவிட்டேன். ஓபன் கிச்சன், ஹாலில் ஃபால்ஸ் சீலிங், எல்லாம் இருந்தது. அப்பத்தாவிடமும் பெருமையாகக் காட்டினேன். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "பாத்ரூம் படியை எடுத்திருவியாப்பா?"

அந்தப் படி வெறும் 6 அங்குலம். நான் அதைக் கவனித்ததே இல்லை. அப்பத்தாவோ ராத்திரியில் அதில் ஏறி இறங்கப் பயந்து, சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லையாம். அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பிளானைத் தூக்கிப் போட்டுவிட்டு முதலில் இருந்து ஆரம்பித்தேன். அப்போது கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்கிறேன்.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு வேலை வந்தா, முதல்ல டேப்பைக் கையில் எடுக்காதீங்க. ஒரு நாள் முழுக்க வீட்டில் இருப்பவர்களைக் கவனிங்க. யார் எங்கே குனிகிறார்கள், எதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், காலை 7 மணிக்கு எந்த இடத்தில் எல்லாரும் முட்டிக்கொள்கிறோம் என்று எழுதி வைங்க. அந்தப் பட்டியல்தான் உண்மையான பிளான்.

பாத்ரூம்: பழைய வீடுகளில் கழிவுநீர்க் குழாயை மறைக்கத் தரையை உயர்த்திவிடுவார்கள். படி வருவது அதனால்தான். தரைத்தளம் என்றால் குழாயைத் தோண்டிக் கீழே இறக்கலாம். ஆனால் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே இதை முடிவு செய்ய வேண்டும். வாசலில் சாய்தளம் போடுவதாக இருந்தால் 1:12 கணக்கு. அதாவது 6 அங்குல உயரத்துக்கு 6 அடி நீளம் வேண்டும். கதவையும் பாருங்க. இரண்டரை அடிக் கதவில் ரெண்டு பக்க நிலை போக 25 அங்குலம்தான் மிஞ்சும். சாதாரண வீல்சேர் அதில் நுழைவதே சிரமம். நிலை போக 3 அடி கிடைக்கிற மாதிரி வைத்துவிட்டால், பிற்பாடு யாருக்குத் தேவைப்பட்டாலும் மறுபடி சுவரை உடைக்க வேண்டாம்.

சமையல் மேடை: எல்லா வீட்டுக்கும் ஒரே உயரம் வைப்பது கொத்தனாருக்குச் சுலபம், சமைப்பவருக்கு இல்லை. நின்றுகொண்டு முழங்கையை மடக்கி, தரையில் இருந்து அளந்து, அதில் 4 முதல் 6 அங்குலம் கழித்தால் மேடை உயரம் கிடைக்கும். அம்மாவுக்கு 32 அங்குலம் வந்தது. பழைய மேடை 36! தோள் வலிக்கு இத்தனை வருஷம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாங்க.

சுவர்: ஓபன் கிச்சனுக்காக நான் எடுக்கச் சொன்ன 9 அங்குலச் சுவர்தான் மேல் தளத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. எங்க வீட்டில் தூண்களே கிடையாது. நேரில் வந்து பார்த்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. தடிமனை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க. அனுபவம் உள்ள ஒருவர் பார்க்காமல் எந்தச் சுவரிலும் சுத்தியல் படக்கூடாது. நாலு செமஸ்டர் முடித்த நாம் அந்த ஒருவர் இல்லை!

பணமும் வரிசையும்: இடிப்பு, குழாய் மற்றும் வயரிங், பூச்சு, வாட்டர்ப்ரூஃபிங், டைல்ஸ், பெயின்ட். இந்த வரிசை மாறினால் செய்ததையே திரும்ப உடைக்க வேண்டி வரும். பாத்ரூமில் டைல்ஸுக்கு முன் தண்ணீர் தேக்கி ஒரு நாளாவது ஒழுகுகிறதா என்று பாருங்க. பட்ஜெட்டில் 10 முதல் 15 சதவீதம் தனியாக எடுத்து வைங்க. பழைய சுவருக்குள் என்ன இருக்கும் என்று உடைத்த பிறகுதான் தெரியும். வீட்டில் இருப்பது ஒரே பாத்ரூம் என்றால், மாற்று ஏற்பாடு செய்யாமல் அதில் கை வைக்கவே வைக்காதீங்க.

எங்க வீட்டில் ஃபால்ஸ் சீலிங் வரவில்லை, காசு பத்தவில்லை. ஓபன் கிச்சனும் இல்லை. பாத்ரூமுக்குப் படி இல்லை, சுவரில் ஒரு கைப்பிடி இருக்கிறது, கட்டிலில் இருந்தே போடுகிற மாதிரி ஒரு லைட் ஸ்விட்ச் இருக்கிறது. இப்போதெல்லாம் ராத்திரி அப்பத்தாவின் தலைமாட்டில் ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கிறது. காலையில் பார்த்தால் காலி.