கட்டுப்பல் தளர்ந்தால் என்ன செய்வது?

"பல் போனால் சொல் போச்சு" என்பது பழமொழி. சொல்லோடு சோறும் போய்விடுகின்றது. எங்கள் கிராமங்களில் ஆச்சிமாரும் அப்புமாரும் கட்டுப்பல்லைக் கழற்றி வைத்துவிட்டுக் கஞ்சியோடு காலம் கழிப்பதைக் காண்கின்றோம். கேட்டால், "பல் பெருத்துவிட்டது" என்பார்கள்.

பல் பெருப்பதில்லை, தாடைதான் சிறுக்கின்றது. பல்லின் வேரைத் தாங்கிய எலும்பு, பல்லைப் பிடுங்கிய பின் மாரி மழையில் வயல் வரம்பு கரைவதுபோலக் கரைகின்றது. முதல் வருடத்தில் விரைவாகவும், பின்னர் வாழ்நாள் முழுவதும் மெதுவாகவும் இது நடக்கும். கீழ்த் தாடையே கூடுதலாகக் கரைவதால் கீழ்க் கட்டுப்பல் முதலில் ஆடும். உடம்பு மெலிந்தாலும் பொருத்தம் குறையலாம்.

2009இல் இடம்பெயர்ந்த எம்மவர் பலர் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தனர். அது 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அந்நாட்களில் கட்டிய பல்லை இன்றும் அணிபவர், அது பத்து வருடத்துக்கு மேற்பட்ட பழைய தாடை அளவு என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

ஆடும் பல்லை வீட்டில் அரத்தால் தேய்க்காதீர்கள். கடைப் பசையால் ஒட்டாதீர்கள். பிறகு திருத்துவது கடினமாகும். பல் வைத்தியர் அதன் உட்புறத்தில் புதிய படை இட்டுத் தாடைக்குப் பொருந்தச் செய்யலாம். முடியாவிட்டால் புதிதாகச் செய்ய வேண்டும். அரசாங்க வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவில் முதலில் விசாரியுங்கள். போகும் நாளில் பல்லை அணிந்து செல்லுங்கள். அப்போதுதான் எங்கே அழுத்துகின்றது என்று அவருக்குத் தெரியும்.

நாளாந்தப் பராமரிப்பு:

1. இரவில் கழற்றி, முரசுக்கு ஓய்வு கொடுங்கள். இரவும் பகலும் அணிந்தால் முரசு சிவந்து பூஞ்சணம் பிடிக்கும்.

2. மென்மையான பிரஷினாலும் சவர்க்காரத்தாலும் கழுவுங்கள். கரி, மணல், செங்கல் தூள் வேண்டாம். கீழே நீருள்ள பாத்திரம் இருந்தால் விழுந்தாலும் உடையாது.

3. கழற்றிய பல்லைக் குளிர்ந்த நீரில் இடுங்கள். காய்ந்தாலும் கொதிநீர் பட்டாலும் அது வளைந்துவிடும்.

4. முரசையும் நாக்கையும் ஈரத்துணியால் துடையுங்கள்.

5. பயணத்தின்போது பெயர் எழுதிய மூடிப் பேணியில் நீரோடு வையுங்கள்.

வாயில் உள்ள புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டால், "பல் உரசியதுதான்" என்று விட்டுவிடாமல் வைத்தியரிடம் காட்டுங்கள். வெற்றிலை பாக்கு, புகையிலை போடுபவருக்கு அது வாய்ப்புற்றுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம்.

நோவில்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒரு தடவை வைத்தியரிடம் போவது நல்லது. பெரியவர்கள் தாமாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளே, இன்றைக்குச் சாப்பாட்டின்போது கேட்டுப் பாருங்கள்: "ஆச்சி, பல் நோகுதா?"