சொட்டு மருந்தை முதலில் பார்க்கும் செல்

நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருப்பவரிடம் குஞ்சு வந்து இறங்கிய முதல் வாரத்தைப் பற்றிக் கேட்டால், புரூடர் சூட்டுக்கு அடுத்தபடியாக லசோட்டா என்ற தடுப்பு மருந்துச் சொட்டைப் பற்றித்தான் பேசுவார். ஒரு வாரம் ஆனதும், வெயில் ஏறுவதற்கு முன்பே ஆட்கள் கொட்டகைக்குள் இறங்கிவிடுவார்கள். ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த குப்பியில் கரைசலை ஊற்றிக் கலக்கி, குஞ்சை ஒரு கையில் பிடித்து, தலையைச் சற்றே சாய்த்து, கண்ணில் ஒரே ஒரு சொட்டு. உடனே விட்டுவிடக் கூடாது. குஞ்சு கண்ணை மூடித் திறந்து, சொட்டு உள்ளே போன பிறகே கீழே விட வேண்டும். கரைசலில் நீலச் சாயம் இருந்தால் சற்று நேரத்தில் நாக்கில் அந்த நிறம் தெரியும். மேற்பார்வை பார்ப்பவர் நாலைந்து குஞ்சுகளின் வாயைத் திறந்து பார்த்தே, வேலை ஒழுங்காக நடந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார்.

இத்தனை கவனமும் வெள்ளைக் கழிச்சலுக்கு அஞ்சித்தான். ஆங்கிலேயர் காலத்தில் இமயமலை ஊர் ஒன்றின் பெயரால் ராணிக்கெட் என்று அழைக்கப்பட்ட இந்த நோய், தடுப்பு மருந்து போடாத பண்ணையில் புகுந்தால் சில நாட்களில் கொட்டகையையே காலி செய்துவிடும். சொட்டில் இருப்பது இந்த நோயை உண்டாக்கும் வைரஸின் வீரியம் குறைந்த வகை. 1946-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஒரு பண்ணையிலிருந்து எடுக்கப்பட்டது.

சொட்டு விழுந்து இரண்டு வாரத்துக்குள் குஞ்சின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் ஏறிவிடுகிறது. அதை உற்பத்தி செய்பவை பி செல்கள் என்பது பள்ளிப் பாடத்திலேயே வருகிறது. ஆனால் வைரஸ் வந்த செய்தி பி செல்லுக்கும் அதற்குத் துணைநிற்கும் டி செல்லுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது? கண்ணின் ஈரத்தில் விழுந்த ஒரு துளியை உடம்பில் முதலில் பார்த்தது யார்? 1970 வரை இதற்கு யாரிடமும் சரியான பதில் இல்லை. அந்தக் கேள்விக்காகவே தன் வாழ்நாளைக் கொடுத்தவர் ரால்ஃப் ஸ்டைன்மன்.

கனடாவின் மான்ட்ரியலில் 1943-இல் பிறந்து, ஹார்வர்டில் மருத்துவம் படித்த ஸ்டைன்மன், 1970-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் சான்வில் கோன் என்பவரின் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே எல்லோரும் மேக்ரோபேஜ் செல்லை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கிருமியை விழுங்கிச் செரிக்கும் செல் அது. நோய் எதிர்ப்பைத் தொடங்கிவைப்பதும் அதுவே என்பது அன்றைய நம்பிக்கை. ஸ்டைன்மன் எலியின் மண்ணீரலைப் பிரித்தெடுத்து, கண்ணாடியில் ஒட்டிய செல்களை நுண்ணோக்கியில் பார்த்தார். மேக்ரோபேஜ்களுக்கு நடுவே யாரும் விவரித்திராத சில செல்கள் இருந்தன. அவற்றிலிருந்து நீண்ட கிளைகள் புறப்பட்டன, வளைந்தன, உள்ளே இழுத்துக்கொண்டன, மறுபடி வேறு திசையில் நீண்டன. மண்ணீரலில் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில்தான் அவை இருந்தன. 1973-இல் கோனுடன் சேர்ந்து அவற்றைப் பற்றி எழுதியபோது டென்ட்ரைட்டிக் செல் என்று பெயர் வைத்தார்.

அந்தச் செல்லை ஏற்றுக்கொள்ள உலகம் அவசரப்படவில்லை. இவ்வளவு குறைவாக இருப்பதை யார் பொருட்படுத்துவார்கள்? மேக்ரோபேஜின் இன்னொரு தோற்றம் என்று சொல்லிப் பலர் ஒதுக்கினார்கள். ஸ்டைன்மன் வாதம் செய்து நேரத்தைக் கழிக்கவில்லை, அளந்து காட்டினார். 1978-இல், டி செல்களைத் தூண்டுவதில் மற்றச் செல்களைவிட டென்ட்ரைட்டிக் செல் குறைந்தது 100 மடங்கு வல்லது என்று சோதனையில் நிறுவினார். 1985-இல் கெரோல்ட் ஷூலர் என்பவருடன் சேர்ந்து தோலுக்குத் திரும்பினார். தோலில் கிளைகளோடு இருக்கும் ஒரு செல்லை, பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் 1868-லேயே கண்டு, நரம்பு என்று எண்ணியிருந்தார். அதுவும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே என்று தெளிவானது. 1992-இல் ஜப்பானைச் சேர்ந்த காயோ இனாபா உள்ளிட்டோருடன் சேர்ந்து, எலும்பு மஜ்ஜையிலிருந்து இவற்றை நிறைய வளர்க்கும் முறையை அவர் வெளியிட்ட பிறகுதான் மற்ற ஆய்வகங்களும் தாராளமாக இதில் இறங்கின. முதல் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 19 ஆண்டுகள்.

இந்தச் செல்லின் வேலை, ஊர் எல்லையைச் சுற்றிவந்து, கண்டதை ஊர் மணியக்காரரிடம் சொல்லும் அந்தக் காலத் தலையாரியின் வேலை. தோலிலும் குடல் சுவரிலும் மூச்சுக்குழல் ஓரத்திலும் கிளைகளை நீட்டிக் காத்திருக்கும். அகப்பட்டதை விழுங்கித் துண்டாக்கி, அந்தத் துண்டை மேற்பரப்பில் ஏந்திக்கொண்டு நிணநீர் முடிச்சுக்கு நகரும். அங்கே கடந்து செல்லும் ஆயிரக்கணக்கான டி செல்களில் அந்தத் துண்டுக்குப் பொருந்தும் ஒன்று வந்து தொட்டதும் எதிர்ப்பு தொடங்குகிறது.

ஆனால் கொண்டுவரும் எல்லாவற்றுக்கும் டென்ட்ரைட்டிக் செல் சண்டைக்கு அழைப்பதில்லை. ஆபத்தின் அறிகுறி இல்லாமல் ஒரு புரதத்தை மட்டும் ஏந்தி வந்தால், இதைத் தொடாதே என்றுதான் டி செல்லுக்குப் பழக்குகிறது. நம் உடம்பின் சொந்தப் புரதங்களை நம் எதிர்ப்பாற்றல் தாக்காமல் இருப்பதற்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. ஆகவே தடுப்பூசியில் புரதம் இருந்தால் போதாது, செல்லை விழிக்கச் செய்யும் ஏதாவது ஒன்று வேண்டும். லசோட்டா போன்ற உயிருள்ள வைரஸ் தானே விழிக்க வைத்துவிடும். கோழி முட்டைக்கு வருவதற்கு முன் போடும் கொன்ற வைரஸ் ஊசிக்கு அந்தத் தெம்பு கிடையாது. அதனால்தான் அதை எண்ணெயில் குழைத்துத் தருகிறார்கள். ஊசி கெட்டியாக இறங்குகிறதே என்று சலித்துக்கொள்ளும் தொழிலாளிக்கு இதைச் சொன்னால் எண்ணெய் மீது மரியாதை வரும் என்று நம்புகிறேன்.

கோழியில் இந்தக் கதைக்கு ஒரு திருப்பம் உண்டு. நமக்கிருப்பது போன்ற நிணநீர் முடிச்சுகள் கோழிக்குக் கிடையாது. மண்ணீரல், குருட்டுக்குடல் ஓரத் திசுக்கள், கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஹார்டேரியன் சுரப்பி போன்ற இடங்களில்தான் எதிர்ப்புச் செல்கள் கூடுகின்றன. கண்ணில் சொட்டு விடுவது வசதிக்காக மட்டுமல்ல என்பது இங்கே புரியும். வாத்தின் செல்களில் இருக்கும் ரிக்-ஐ என்ற வைரஸ் உணரியும் கோழிக்கு இல்லை. பல பறவைக் காய்ச்சல் வைரஸ்களை வாத்து தாங்கிக்கொள்ள, கோழி மடிவதற்கு இது ஒரு காரணம் என்று 2010-இல் கனடா ஆய்வாளர்கள் காட்டினார்கள். கோழி மஜ்ஜையிலிருந்து டென்ட்ரைட்டிக் செல்லை வளர்க்கும் முறை விவரிக்கப்பட்டதும் 2010-இல்தான். எலியில் இது கைவந்து 18 ஆண்டுகள் கழித்து! தினம் பல கோடி முட்டைகள் கிளம்பும் மாவட்டத்துக்கு இந்தத் தாமதம் சிறிய விஷயமல்ல. 1985-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் நாமக்கல்லிலேயே இருக்கின்றன. கோழியின் டென்ட்ரைட்டிக் செல் பற்றிய பாடம், கோழி இவ்வளவு இருக்கும் ஊரில் எழுதப்பட வேண்டும் என்று ஆசைப்படுவதில் தவறில்லை.

ஸ்டைன்மனுக்கு 2007-இல் கணையப் புற்றுநோய் வந்தது. பெரும்பாலோர் ஓராண்டைத் தாண்டாத நோய். அறுவை, கீமோ சிகிச்சைகளோடு, தன் கட்டியைக் கொண்டு தயாரித்த டென்ட்ரைட்டிக் செல் தடுப்பூசிகளையும் நண்பர்கள் உதவியோடு தன் உடம்பில் போட்டுக்கொண்டார். நான்கரை ஆண்டுகள் வாழ்ந்தார். அந்த ஆயுளுக்கு ஊசிதான் காரணம் என்று ஒரே ஒரு நோயாளியை வைத்து யாராலும் சொல்ல முடியாது. 2011 செப்டம்பர் 30-இல் அவர் இறந்தார். அக்டோபர் 3-இல், அது தெரியாமலே நோபல் குழு அவர் பெயரை அறிவித்தது. இறந்தவருக்கு நோபல் இல்லை என்பது விதி. உயிரோடு இருக்கிறார் என்று நம்பி எடுத்த முடிவு என்பதால் பரிசு நிலைத்தது. பரிசின் மறுபாதியைப் பகிர்ந்த புரூஸ் பாய்ட்லரும் ஜூல்ஸ் ஹாஃப்மனும், உடம்பு ஆபத்தை உணர்வது எப்படி என்று கண்டவர்கள்.

அதே செல்லை மருந்தாக்கும் முயற்சி தமிழ்நாட்டிலும் நடந்திருக்கிறது. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தின் மூலக்கூறு புற்றுநோயியல் துறையினர், கருப்பைவாய்ப் புற்றுநோய் கண்ட பெண்களின் ரத்தத்திலிருந்தே செல்களைப் பிரித்து, ஆய்வகத்தில் டென்ட்ரைட்டிக் செல்லாக வளர்த்து, அவரவர் கட்டியைச் சிதைத்து எடுத்த சாற்றைக் கொடுத்துப் பழக்கி, மறுபடி அவர்கள் உடம்பிலேயே செலுத்திப் பார்த்தார்கள். கடும் பக்கவிளைவு ஏதும் இல்லை என்று 2014-இல் வெளியான அவர்களது கட்டுரை சொல்கிறது. ஒரு பெண்ணுக்குப் பரவியிருந்த கட்டி முழுவதும் மறைந்து, ஆறு ஆண்டுகளுக்கு மேல் நோயின்றி இருந்தார். அவர் ஊசிக்குப் பிறகு சிஸ்பிளாட்டின் மருந்தும் எடுத்துக்கொண்டவர். எது குணமாக்கியது என்று பிரித்தறிய இதைவிடப் பன்மடங்கு பெரிய சோதனை வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியாகச் செல் வளர்க்க வேண்டியிருப்பதால் அதற்கு ஆகும் செலவும் பன்மடங்கு.