50 லட்சம் எஸ்யூவி: டெஸ்ட் டிரைவுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

2025 செப்டம்பர் 22-லிருந்து பெரிய எஸ்யூவிகளுக்கு ஜிஎஸ்டி 40%. அதுக்கு முன்னாடி செஸ் சேர்த்து 50%. விலை குறைஞ்சது உண்மைதான். ஆனா "இப்போ வாங்கலாமா?"ங்கிற கேள்விக்கு அது மட்டும் பதில் ஆகாது.

எக்ஸ்-ஷோரூம் விலை 50 லட்சம்னு வைப்போம். தமிழ்நாட்டுல 20 லட்சத்துக்கு மேல உள்ள காருக்கு ஆயுள் வரி 20%, அதாவது 10 லட்சம். இது திரும்ப வராத பணம். டிசிஎஸ் 1%, 50,000 ரூபாய். இது செலவு இல்லை. 26ஏஎஸ்ல வந்திருக்கான்னு பார்த்து, ரிட்டர்ன்ல மறக்காம கழிச்சுக்குங்க. இன்சூரன்ஸ் தனி.

40 லட்சம் லோன், 9% வட்டி, 7 வருஷம்: இஎம்ஐ சுமார் 64,400 ரூபாய். வட்டி மட்டும் 14 லட்சம். மீதி 20.5 லட்சமும் இன்சூரன்ஸும் உங்க கையிலிருந்து போகணும்.

இதே காரை பிசினஸுக்கு வாங்குறவர் தேய்மானம் காட்டி வரியைக் குறைக்கலாம். சம்பளக்காரருக்கு அந்த வழி இல்லை. அதனால அவரைப் பார்த்து முடிவெடுக்காதீங்க.

நான் சொல்ற வரம்பு: காருக்கான மொத்தச் செலவு, கைக்கு வர்ற சம்பளத்துல 15% தாண்டக் கூடாது. இந்த இஎம்ஐக்கே மாசம் 4.3 லட்சம் வரணும்.

சந்தேகமா? ஆறு மாசம் அந்த 64,400-ஐ ஆர்டி-ல போட்டுப் பாருங்க. எஸ்ஐபி-ஐ நிறுத்தாம சமாளிச்சா, அப்புறம் ஷோரூமுக்குப் போங்க.