காற்றில் கரையாத பாட்டு

நுழையும்முன்
எழுத்து சொல்லைக் காத்தது. ஓசையைக் காக்க மனிதர் பல நூற்றாண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. ஒலியை எண்களாக்கித் தகட்டில் சேமிக்கும் முறையையும், அதனை வீட்டில் முழுமையாகக் கேட்பதற்கு வேண்டியவற்றையும் இப்பாடம் விளக்குகிறது.

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலை, வல்வில் ஓரி ஆண்ட மலை. அவனது கொடையை வன்பரணர் பாடிய பாடல்கள் புறநானூற்றில் இன்றும் உள்ளன. ஆனால், அக்காலப் பாணர் மீட்டிய யாழின் ஓசை நமக்குக் கிட்டவில்லை. இன்று அம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் வாய்மொழிப் பாடல்களுக்கு அந்நிலை நேர வேண்டியதில்லை. ஓசையையே சேமிக்கும் கருவிகள் இப்போது நம்மிடம் உள்ளன.

ஒலி எண்ணாகும் விதம்
காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கற்களை நட்டு அச்சாலையின் வடிவத்தைக் குறிப்பதாகக் கொள்வோம். கற்கள் மிகத் தள்ளித்தள்ளி இருந்தால் சில வளைவுகள் மறைந்துபோகும். போதிய நெருக்கத்தில் இருந்தால் சாலையை மீண்டும் வரைந்துவிடலாம். ஒலியலையும் இவ்வாறே நொடிக்குப் பல்லாயிரம் முறை அளக்கப்படுகிறது. அவ்வெண்ணிக்கை, பதிவாக வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கைவிட மிகுதியாக இருத்தல் வேண்டும். மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கவல்லது. எனவே, 1982இல் விற்பனைக்கு வந்த குறுந்தகடு நொடிக்கு 44,100 அளவீடுகளைக் கொண்டதாக அமைந்தது. ஒவ்வோர் அளவீடும் 16 பிட் எண்ணாகும். அதாவது 65,536 படிநிலைகளுள் ஒன்று.

உயர்தெளிவுத் தகடுகள்
சோனி, பிலிப்ஸ் நிறுவனங்கள் 1999இல் சூப்பர் ஆடியோ சிடியை வெளியிட்டன. அது நொடிக்கு 28,22,400 முறை, ஒரே பிட் அளவில் ஒலியைக் குறிக்கிறது. அடுத்து வந்த டிவிடி ஆடியோ, 24 பிட் அளவில் நொடிக்கு 1,92,000 அளவீடுகள் வரை தாங்கும். 24 பிட் என்பது 1,67,77,216 படிநிலைகளாகும். இதன் பெரும்பயன் பதிவின்போது வெளிப்படுகிறது. முதியவர் மெல்லப் பாடும் தாலாட்டும், திடீரென முழங்கும் தோற்கருவியும் ஒரே பதிவில் சிதையாமல் அடங்கும். கேட்கும்போது செவிக்கு வேறுபாடு தெரியுமா என்பதில் ஆய்வாளரிடையே ஒத்த கருத்து இல்லை.

வீட்டில் கேட்டல்
உயர்தெளிவுத் தகட்டை எல்லாக் கருவிகளும் படிப்பதில்லை. ஈரடுக்குச் சூப்பர் ஆடியோ தகட்டைச் சாதாரணக் குறுந்தகட்டுக் கருவியில் இட்டால், அதிலுள்ள குறுந்தகட்டு அடுக்கு மட்டுமே ஒலிக்கும். கேட்பவர் உயர்தெளிவைக் கேட்பதாக எண்ணிக்கொண்டிருப்பார். உண்மையில் கேட்பது வேறாகும்.

தகட்டைப் படிக்கும் கருவி, எண்களை மின்னலைகளாக்கும் மாற்றி, ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கிப் பெட்டிகள், கேட்கும் அறை ஆகிய அனைத்தும் ஒரு சங்கிலியின் கண்ணிகள். நலிந்த கண்ணியின் அளவே சங்கிலியின் வலிமை. இரண்டு பெட்டிகளும் கேட்பவரும் சமபக்க முக்கோணத்தின் முனைகளாக அமைவது நன்று. வெற்றுச் சுவர்களில் எதிரொலி மிகும். திரைச்சீலையும் புத்தக அடுக்கும் அதனைக் குறைக்கும். செலவில்லாத இத்திருத்தங்கள், விலையுயர்ந்த கருவியைவிட மிகுபயன் தருவதுண்டு.

சங்கிலியின் முதற்கண்ணி பதிவேயாகும். காற்றின் இரைச்சலோடு பதிவான பாடலை எத்தகடும் தூய்மையாக்காது. தகடு பழுதின்றி இருந்தாலும் அதைப் படிக்கும் கருவி மறைந்துவிட்டால் பாடலும் ஊமையாகும். ஆகவே, நல்ல பதிவைப் பல படிகளாக்கி, வெவ்வேறு இடங்களில் வைத்து, காலந்தோறும் புதிய ஊடகத்திற்கு மாற்றுதல் வேண்டும். பாடுவோர் வாழும்போதே அவர்தம் இசைவுடன் இப்பணியைத் தொடங்குவது தலைமுறையின் கடமையாகும்.

தெரிந்து தெளிவோம்
குறுந்தகட்டின் விட்டம் 12 செ.மீ.; தடிமன் 1.2 மி.மீ. அதனைப் படிக்கும் லேசரின் அலைநீளம் 780 நானோமீட்டர். டிவிடிக்கும் சூப்பர் ஆடியோ அடுக்கிற்கும் 650 நானோமீட்டர் லேசர் பயன்படுகிறது. அலைநீளம் குறைவதால் குழிகளைச் சிறிதாக்கி மிகுதியான தரவைச் சேமிக்க முடிகிறது.