இடம்பெயரும் தீவு

வட கரோலினாவின் கோர் பேங்க்ஸ் தீவுகளுக்குப் பாலம் கிடையாது, படகுதான். அமெரிக்கக் கிழக்குக் கரைக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் நடுவே நீளவாட்டில் கிடக்கும் மணல் திட்டுகள் இவை. புவியியலில் தடுப்புத் தீவுகள் என்பார்கள். 1966இல் உருவான கேப் லுக்அவுட் தேசியக் கடற்கரையின் பகுதி இவை. உணவு, குடிநீர், கொசு மருந்து எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டும். உணவைக்கூட மறக்கலாம், கொசு மருந்தை மறக்கக் கூடாது.

ஒருபுறம் அலையடிக்கும் கடல், மறுபுறம் சதுப்புப் புல்லும் ஆழமில்லாத காயலும். புயலில் பொங்கும் அலை மணல்மேட்டைத் தாண்டி, மணலை வாரிக் காயல் பக்கம் கொட்டிவிடும். முன்புறம் கரையும், பின்புறம் வளரும். கொட்டிய மணலில் சதுப்புப் புல் வேர்விடும். மேட்டிலோ கடல் ஓட்ஸ் என்ற புல் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைக்கும்; புதையப் புதைய மேலே துளிர்க்கும். இப்படியே தீவு கொஞ்சம் கொஞ்சமாகப் பெருநிலத்தை நோக்கி நகர்கிறது. இத்தகைய தீவுகளில் கடலோரமாக நடந்தால், அலை அரித்த இடத்தில் புல்வேர் பின்னிய கரிய சேறு தட்டுப்படும். காயலோரத்தில் மட்டுமே உண்டாகும் சேறு அது. தீவு அதன்மேல் ஏறிக் கடந்து போயிருக்கிறது.

கோர் பேங்க்ஸின் வடகோடியில் 1753இல் போர்ட்ஸ்மவுத் என்ற ஊர் பிறந்தது. பெரிய கப்பல்கள் காயலுக்குள் போகும் ஆழமற்ற முகத்துவாரத்தைக் கடக்க முடியாமல் சரக்கைச் சிறு படகுகளில் இறக்கும். பழைய சென்னையில் மசூலாப் படகுகள் செய்த வேலைதான். 1846இல் ஒரு புயல் வடக்கே ஹாட்டரஸில் புதிய முகத்துவாரத்தைப் பிளந்தது. அது ஆழமானது, கப்பல்கள் அங்கே போய்விட்டன. ஊரின் பிழைப்பும் போயிற்று. 1971இல் கடைசி இருவரும் வெளியேறினார்கள். தேவாலயமும் சில வீடுகளும், கூரையில் விழும் மழைநீரைச் சேமித்த தொட்டிகளும் மிச்சம்.

சாலையும் வீடுகளும் உள்ள ஹாட்டரஸ் தீவில் கதை வேறு. புயல் சாலையில் கொட்டும் மணலை இயந்திரம் வைத்து மறுபடி கடல் பக்கமே தள்ளுகிறார்கள். காயல் பக்கம் சேர வேண்டிய மணல் அது. அங்கே 1870இல் கடலிலிருந்து ஏறத்தாழ 450 மீட்டர் தள்ளிக் கட்டிய கலங்கரை விளக்கத்தைக் கடல் நெருங்கிவிட, 1999இல் கோபுரத்தையே பெயர்த்து உருளைகள்மேல் 880 மீட்டர் நகர்த்த வேண்டியதாயிற்று.

2019இல் டோரியன் புயலின்போது கோர் பேங்க்ஸுக்கு வெள்ளம் முதுகுப்புறமிருந்து வந்தது. காயல் நீர் பொங்கி, தீவைப் பல இடங்களில் அறுத்துக்கொண்டு கடலில் பாய்ந்தது. பல வாய்க்கால்களைப் பின்னர் மணலே வந்து அடைத்தது. போர்ட்ஸ்மவுத்தின் பழைய கட்டடங்களைத்தான் மனிதர்கள் வந்து பழுதுபார்க்க வேண்டியிருந்தது.