தூண்டில் – 17: சிறகு எந்தப் பக்கம்?

போன கிழமை நிம்ஃபின் (நீர்ப்பூச்சிக் குஞ்சுக்கும், அதைப்போல முள்ளில் கட்டும் பொய்யிரைக்கும் இதுதான் பெயர்) வாலையும் உடலையும் கட்டி முடித்தோம். பெசன்ட் கோழியின் வாலிறகுத் தும்பும் செப்புக்கம்பியும் ஞாபகம் இருந்தால் போதும். இந்தக் கிழமை பாரத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் சிறகைத் தீர்க்காமல் பாரத்துக்குப் போனால் அங்கே சொல்வது ஒன்றும் நிலைக்காது. பருத்தித்துறை வாசகருக்கு, நிம்ஃப் குறிவைக்கும் ட்ரவுட் மீன் தூரத்துச் சங்கதிதான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கையாற்றை விட்டால் குடாநாட்டில் ஆறு இல்லை. தொண்டைமானாறு பெயருக்குத்தான் ஆறு, உண்மையில் அது கடனீரேரி. ட்ரவுட்டோ குளிர்ந்த ஓடுநீரின் மீன். 1880களில் ஆங்கிலேயர் அதை முட்டையாக நுவரெலியா மலைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகு வந்த வானவில் ட்ரவுட், ஹோட்டன் சமவெளி ஓடைகளில் தானாகவே இனம்பெருக்கும் அளவுக்கு ஊன்றிக்கொண்டது. ஆனால் இரையின் எந்தப் பக்கம் தண்ணீருக்குள் மேலாக நிற்கிறது என்ற கேள்வி கடலுக்கும் பொதுவானது. கோணலாகக் குத்திய சூடை இழுபடும்போது சுழன்று தங்கூசியை முறுக்கிவிடும் என்பதை வடமராட்சிக் கரையில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நிம்ஃபில் நாம் கட்டுவது விரிந்த சிறகை அல்ல, சிறகு மொட்டை. ஒருநாள் பூச்சி என்று சொல்லப்படும் மே பூச்சியின் குஞ்சு தண்ணீருக்குள் வளரும்போது, அதன் நெஞ்சின் மேல் சிறகுகள் சிறு பைகளாக ஒட்டிக் கிடக்கும். வேர் நெஞ்சில், நுனி வாலை நோக்கி. வெளிவரும் நாள் நெருங்க நெருங்க அந்தப் பைகள் கறுத்துவிடும். ஆகவே கறுத்த முதுகு என்பது, இந்தப் பூச்சி இப்போது மேலெழப் போகிறது என்பதற்கான அடையாளம். கட்டும் முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. தும்புக் கற்றையை முள்ளின் தண்டில் நடுவுக்குச் சற்றுப் பின்னால் கட்டி, நுனி வால்பக்கம் கிடக்க விடுகிறோம். நெஞ்சைப் பருமனாக்கிய பின் அதே கற்றையை முன்னால் மடித்துத் தலையருகில் இறுக்குகிறோம். மடிக்கும்போது பக்கம் மாறிவிடுகிறது: முதலில் கீழே பார்த்த பக்கம் மேலே வரும். இறகின் மினுங்கும் பக்கம் வெளியே தெரிய வேண்டுமானால், கட்டும்போது அதைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பழகாத கைகள் மினுங்கும் பக்கத்தை மேலே வைத்துக் கட்டி, மடித்த பின் மங்கிய முதுகைக் கண்டு திகைப்பது இதனால்தான்.

இந்தப் பக்கமாற்றம் மனிதக் கை கண்டுபிடித்ததல்ல. வெட்டுக்கிளி இதைத் தன் உடம்பிலேயே செய்கிறது. வெங்காயத் தோட்டத்து வரப்பில் துள்ளும் வெட்டுக்கிளிக் குஞ்சைப் பிடித்துப் பார்க்கலாம். சின்ன வயதில் அதன் சிறகு மொட்டுகள் நெஞ்சின் இருபுறமும் கீழ்நோக்கித் தொங்கும். முதிர்வதற்கு முந்திய கடைசி இரண்டு பருவங்களில் அவை புரண்டு முதுகின் மேல் ஏறுகின்றன. அப்போது பின்சிறகின் மொட்டு முன்சிறகின் மொட்டை மூடிக் கிடக்கும். கடைசித் தோலை உரிக்கும்போது எல்லாம் மறுபடி புரண்டு, முன்சிறகு மேலே, பின்சிறகு கீழே என்று ஒழுங்காகிவிடும். மே பூச்சியில் இந்தக் கூத்து இல்லை. அதன் முன்மொட்டு தொடக்கத்திலிருந்தே பின்மொட்டை மூடியிருக்கும். கேடிஸ் பூச்சியின் வழி முற்றிலும் வேறு. அதன் புழுவில் வெளியே சிறகே தெரியாது. கூட்டுப்புழுவாக மாறும்போதுதான் சிறகுப் பைகள் தோன்றி, பக்கவாட்டில் சரிந்து வயிற்றுப்புறம் இறங்குகின்றன. தேசி மரத்தில் தொங்கும் வண்ணத்துப்பூச்சிக் கூட்டை உற்றுப் பார்த்தால் அதே ஏற்பாடு தெரியும். கேடிஸுக்கு வண்ணத்துப்பூச்சி நெருங்கிய சொந்தம். ஒரே ஓடையில் மே பூச்சி சிறகை முதுகில் சுமக்கிறது, கேடிஸ் விலாவில். இரண்டுக்கும் ஒரே மாதிரிக் கட்டுபவர் எந்தப் பூச்சியைக் கட்டுகிறோம் என்றே தீர்மானிக்கவில்லை என்பேன்.

மீன் சிறகை எண்ணிப் பார்த்தா கடிக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் ஏவன் ஆற்றுக் காவலர் பிராங் சோயர், நீந்தும் நிம்ஃப் கால்களை உடலோடு ஒடுக்கிக்கொள்வதைக் கவனித்து, தம் பெசன்ட் வால் நிம்ஃபில் கால்களையே விட்டுவிட்டார். நூலையும் விட்டார், செப்புக்கம்பியே நூலும் பாரமுமாயிற்று. ஆனால் தும்பை நெஞ்சின் மேல் முன்னும் பின்னுமாக மடித்து அந்தக் கறுத்த திமிலை மட்டும் வைத்துக்கொண்டார். தேவையற்ற எல்லாவற்றையும் களைந்த ஒருவர் எதைக் களையவில்லை என்பதே எனக்குப் பெரிய சான்று. இதைவிடக் கடுமையான மறுப்பு அமெரிக்காவின் சார்ள்ஸ் புரூக்ஸிடமிருந்து வருகிறது. மொன்டானா ஆறுகளுக்குள் இறங்கிப் பார்த்த அவர், உயிருள்ள நிம்ஃப் நீரோட்டத்தில் புரளாது, கட்டியது புரளும், முதுகும் வயிறும் மாறிமாறித் தெரிந்தால் மீன் விலகும் என்றார். அதனால் சுற்றிலும் ஒரே தோற்றமாகக் கட்டச் சொன்னார். 1976இல் வந்த அவருடைய நூல் இதை விரிவாகப் பேசுகிறது. சிறகின் பக்கம் முக்கியமில்லை என்பதற்கு இதை ஆதாரமாகக் காட்டுகிறார்கள். எனக்கோ இது எதிர்ப்பக்கச் சாட்சியாகவே படுகிறது. தவறான பக்கத்தை மீன் காணாது என்றால் அதை மறைக்க எதற்கு இவ்வளவு பாடு? வேகமான நீரில், பெரிய பூச்சிக்கு, புரூக்ஸின் வழி சரி. தெளிந்து மெல்ல ஓடும் நீரில் புரளாத நிம்ஃபைக் கட்ட முடியும்; அங்கே முதுகு முதுகாகவே இருக்கட்டும்.

அப்படியானால் முதுகு எது? வைஸில் (கட்டும்போது முள்ளைப் பிடிக்கும் இடுக்கியில்) பூட்டிய முள்ளின் மேற்பக்கம் என்பதுதான் பழக்கத்தில் வரும் பதில். முள் நுனி கீழே நிற்கும் சாதாரண முள்ளுக்கு அது பொருந்தும். ஆனால் காது வளைந்த ஜிக் முள்ளில் பிளவு மணி கோத்தால், அது தண்ணீரில் கவிழ்ந்து நுனி மேலே பார்த்தபடி போகும். வைஸில் மேலே கட்டிய சிறகு அங்கே வயிற்றில் கிடக்கும். ஜிக் முள்ளில் சிறகை நுனியிருக்கும் பக்கத்தில் கட்ட வேண்டும். வைஸில் அது தலைகீழாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. கட்டுமுன் மணி கோத்த வெறும் முள்ளைத் தங்கூசியில் முடிந்து கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் இறக்கினால் எந்தப் பக்கம் மேலே வருகிறது என்று தெரிந்துவிடும். அதைத் தெரிந்துகொண்ட பிறகே இறகை எடுக்க வேண்டும். பித்தளை மணி தண்ணீரைப்போல் எட்டு மடங்குக்குச் சற்றுக் கூடுதலான கனம், டங்ஸ்டன் பத்தொன்பது மடங்கு. அந்த வித்தியாசம் முள்ளை என்ன செய்கிறது என்பது, இந்தக் கிழமை எழுதியிருக்க வேண்டிய பாரத்தின் கதை. அது அடுத்த கிழமைக்கு.