மின்தடையும் மருத்துவமனையும்

துணை மின்நிலையங்களில் மாதாந்திரப் பராமரிப்புப் பணி நடைபெறும் நாள்களில் எந்தெந்த ஊர்களுக்குக் காலை முதல் மாலை வரை மின் விநியோகம் நிறுத்தப்படும் என்னும் அறிவிப்பு நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களில் வெளியாவது தமிழகம் முழுவதும் உள்ள வழக்கம். ஓசூரை ஒட்டிய மூக்கண்டப்பள்ளி போன்ற தொழிற்பகுதிகளில் அந்த அறிவிப்பைப் பார்த்து ஆலைகள் பணிமுறையை மாற்றிக்கொள்கின்றன. வீடுகளில் விடியற்காலையிலேயே மாவை அரைத்துத் தொட்டியில் தண்ணீரை ஏற்றி வைத்துவிடுகிறார்கள். பிரசவத்தையோ நெஞ்சுவலியையோ அவ்வாறு தள்ளிவைக்க இயலாது என்பதால், மருத்துவமனை ஒன்றுதான் மின்தடை நாளிலும் வழக்கமான அதே அளவு மின்சாரத்தைக் கேட்கும் இடமாக எஞ்சுகிறது. அறிவித்துவிட்டு வரும் மின்தடை எளியது. மழைக்கால இரவில் மரக்கிளை மின்கம்பியில் விழுந்து, எவருக்கும் சொல்லாமல் வரும் மின்தடையே ஒரு மருத்துவமனையின் உண்மையான தேர்வு.

மருத்துவமனையின் எல்லாப் பயன்பாடுகளும் ஒரே அளவு அவசரமானவை அல்ல. பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையமான ஐ.இ.சி., மருத்துவ இடங்களின் மின்னமைப்புக்கென வகுத்துள்ள தரவிதி, மின்சாரம் நின்றபின் எவ்வளவு நேரத்துக்குள் மாற்று வழங்கல் வந்தாக வேண்டும் என்பதைக் கொண்டு பயன்பாடுகளைப் பிரிக்கிறது. அறுவை அரங்கின் மேசைவிளக்கும் உயிர்காக்கும் கருவிகளும் அரை நொடிக்குள் மின்சாரம் பெற வேண்டியவை. பாதுகாப்பு விளக்குகள், குறிப்பிட்ட மின்தூக்கிகள், புகை வெளியேற்றும் விசிறிகள் முதலியவற்றுக்கு 15 நொடி வரை அவகாசம் உண்டு. துணி வெளுக்கும் இயந்திரம் போன்றவை அதற்கும் மேல் காத்திருக்கலாம். டீசல் ஜெனரேட்டர் எவ்வளவு சிறந்ததாக இருந்தாலும் அதன் எஞ்சின் சுழன்று வேகம் பிடித்துச் சீரான மின்னழுத்தத்தைத் தரச் சில நொடிகள் ஆகும். அந்தச் சில நொடிகளை நிரப்பவே யூ.பி.எஸ். என்னும் பேட்டரி அமைப்பு இருக்கிறது. மின்சாரம் நின்றதை உணர்ந்து, ஜெனரேட்டருக்கு ஆணையிட்டு, இணைப்பைத் தானாக மாற்றும் கருவித்தொகுதியைத் தொழிலாளர்கள் ஏ.எம்.எஃப். பேனல் என்று அழைக்கிறார்கள். ஆக, மருத்துவமனையின் மாற்று மின்சாரம் என்பது வாங்கி வைத்த ஓர் இயந்திரம் அன்று. பேட்டரி, பேனல், எஞ்சின், எரிபொருள் குழாய், அவற்றை இயக்கத் தெரிந்த ஆள் என ஒன்றையொன்று பற்றி நிற்கும் வரிசை. இவ்வரிசை எங்கே அறும் என்பதை அண்மைக்கால நிகழ்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

2015 டிசம்பரில் சென்னையில் அடையாறு கரைபுரண்டபோது, மணப்பாக்கத்தில் ஆற்றோரம் அமைந்துள்ள மியாட் மருத்துவமனைக்குள் வெள்ளம் புகுந்து ஜெனரேட்டர்கள் செயலிழந்தன. அந்நாள்களில் அங்கு 18 நோயாளிகள் இறந்ததாக அரசுத் தரப்பு தெரிவித்தது. அவர்களுள் எத்தனை பேரின் இறப்புக்கு மின்தடை காரணம் என்பதில் கருத்து வேறுபாடு இருந்தபோதிலும், ஜெனரேட்டரை எந்த மட்டத்தில் வைப்பது என்பது உயிர் சார்ந்த முடிவு என்பதில் அதன்பின் யாருக்கும் ஐயம் இருந்திருக்க முடியாது. 2019 மே மாதத்தில் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையில் சூறைக்காற்றுடன் பெய்த மழையின்போது மின்சாரம் நின்று, ஜெனரேட்டரும் கைகொடுக்காத நிலையில், தீவிர சிகிச்சையில் இருந்த ஐவர் இறந்ததாகச் செய்திகள் வந்தன. வென்டிலேட்டர்களில் பேட்டரி இருந்தது, இறப்புகளுக்கும் மின்தடைக்கும் தொடர்பில்லை என்று நிர்வாகம் விளக்கம் அளித்தது.

பணத்துக்குக் குறைவில்லாத ஊரிலும் இதே கதைதான். 2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது, நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனை தன் ஜெனரேட்டர்களை 13ஆவது மாடியில் பத்திரமாக வைத்திருந்தது. ஆனால் அவற்றுக்கு எரிபொருளை ஏற்றும் பம்புகள் நிலத்தடித் தளத்தில் இருந்தன. பம்புகள் நீரில் மூழ்கவே, ஊழியர்களும் படைவீரர்களும் எரிபொருளைக் கையால் சுமந்து மாடியேற்ற நேர்ந்தது. பெரும்பொருள் செலவிட்டு வாங்கிய எஞ்சின்களை ஒரு பம்பு முடக்கிவிட்டது. இவ்வாறான தோல்விகளில் பெரும்பாலும் முதலில் கைவிடுவது விலையுயர்ந்த உறுப்பு அன்று. எஞ்சினைக் கிளப்பும் சிறு பேட்டரி, அடைத்துக்கொண்ட வடிகட்டி, துருப்பிடித்த தொடுமுனை போன்ற அற்பப் பொருள்களே ஆகும்.

தமிழகத்துக்குத் தனிப்பட்ட அனுபவம் ஒன்று உண்டு. 2008இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நீடித்த மின்வெட்டுக் காலத்தில் ஆலைகளும் மருத்துவமனைகளும் டீசலை நம்பியே நாளை ஓட்டின. ஒரு லிட்டர் டீசல் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரமே தரும் என்பதால், 100 கிலோவாட் அவசியச் சுமையுள்ள ஒரு மருத்துவமனை எட்டு மணி நேர மின்தடையைக் கடக்க ஏறத்தாழ 230 லிட்டரை எரிக்க வேண்டியிருக்கும். செலவு ஒருபுறமிருக்க, நோயாளிகள் படுத்திருக்கும் கட்டடத்தின் பின்புறத்திலேயே புகை வெளிவரும் முரணும் உண்டு. சூரிய மின்சாரத்தின் பக்கம் மருத்துவமனைகள் திரும்பியதற்கு இந்த இரண்டும் காரணங்கள்.

ஆனால் இங்கே பரவலான ஒரு தவறான புரிதல் குறுக்கிடுகிறது. கூரையில் சூரியத் தகடுகள் இருந்தால் மின்தடையின்போதும் மின்சாரம் கிடைக்கும் என்றே பலரும் எண்ணுகிறார்கள். மின்வாரியக் கம்பியோடு இணைந்து இயங்கும் சாதாரண இன்வர்ட்டர், கம்பியில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும்படி வடிவமைக்கப்பட்டது. இல்லையெனில் கூரையிலிருந்து கம்பிக்குப் பாயும் மின்சாரம், பழுதுபார்க்கக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைக் கொன்றுவிடும். எனவே உச்சிவெயிலில் தகடுகள் காய்ந்துகொண்டிருக்க, கீழே வார்டு இருண்டு கிடப்பது நடக்கக்கூடியதே. இதைத் தவிர்க்க, மின்வாரிய இணைப்பிலிருந்து கட்டடத்தைத் தற்காலிகமாகத் துண்டித்துக்கொண்டு, தகடுகள், பேட்டரி, ஜெனரேட்டர் மூன்றையும் தனக்குள்ளேயே இசைவித்து ஓடும் மைக்ரோகிரிட் என்னும் சிறு மின்வலை தேவைப்படுகிறது. பேட்டரியும் அதற்கேற்ற இன்வர்ட்டரும் இல்லாத சூரிய அமைப்பு மின்கட்டணத்தைக் குறைக்கும், உயிரைக் காக்காது. விற்பவர்கள் இந்த வேறுபாட்டை விளக்கிச் சொல்வது அரிது.

கூரையின் எல்லையையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரு கிலோவாட் தகடுகளுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். அது நாளொன்றுக்கு நான்கு யூனிட் அளவில் தரும். அடுக்குமாடி மருத்துவமனையின் மொத்தத் தேவையைக் கூரை ஈடுசெய்யாது என்பதால், தேவையைக் குறைப்பதே முதல் வேலையாகிறது. கடல்மட்டத்துக்கு மேல் 900 மீட்டரை நெருங்கும் ஓசூரின் தட்பவெப்பம் இதற்கு இயற்கையாகவே உதவக்கூடியது. அப்படியிருந்தும் பெங்களூரைப் பார்த்து முகப்பு முழுவதும் கண்ணாடி பதித்து, அதனால் ஏறும் வெப்பத்தை வெளியேற்ற நாள்முழுதும் குளிர்சாதனத்தை ஓட்டும் கட்டடங்களே இங்கும் பெருகுகின்றன. மின்தேவையைக் கூட்டுவதா குறைப்பதா என்னும் தெரிவு ஆக்சிஜனிலும் உண்டு. கொரோனாக் காலத்தில் நாடெங்கும் நிறுவப்பட்ட பி.எஸ்.ஏ. ஆலைகள் காற்றை அழுத்திப் பிரித்து ஆக்சிஜன் எடுப்பவை ஆதலால் மின்சாரமின்றி இயங்கா. கொள்கலனில் உள்ள திரவ ஆக்சிஜனோ வெளிக்காற்றின் வெப்பத்தாலேயே ஆவியாகிக் குழாய்க்குள் செல்லும். ஒன்று பழுதானால் மற்றொன்று கைகொடுக்கும்படி இரண்டையும் வைத்திருப்பதே அறிவுடைமை.

சிறிய மருத்துவ நிலையங்களில் சூரிய மின்சாரத்தின் பயன் இன்னும் நேரடியானது. சத்தீஸ்கர் அரசின் எரிசக்தி முகமையான கிரெடா, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் பேட்டரியுடன் கூடிய 2 கிலோவாட் சூரிய அமைப்புகளை நிறுவியது. சி.இ.இ.டபிள்யூ. என்னும் ஆய்வு நிறுவனம் 2017இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நிலையங்களில் நடந்த பிரசவங்கள் அத்தகைய அமைப்பு இல்லாத நிலையங்களில் நடந்தவற்றைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. விளக்கும் தடுப்பூசிக் குளிர்பெட்டியும் நம்பகமாக இயங்கினால் இரவில் தாய்மார்கள் வருகிறார்கள், செவிலியரும் தங்குகிறார்கள். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவிலுள்ள பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட செல்கோ அறக்கட்டளை, நடுவண் சுகாதார அமைச்சகத்துடன் இணைந்து 25,000 நிலையங்களுக்குச் சூரிய மின்வசதி செய்யும் திட்டத்தை மேற்கொண்டது.

ஓசூர் அமைந்துள்ள கிருஷ்ணகிரி மாவட்டத்தின் நிலையில் வியப்புக்குரியது ஒன்று உண்டு. ஜெனரேட்டருக்கான எஞ்சின்களைச் செய்யும் கேட்டர்பில்லர் ஆலை ஓசூரை அடுத்த மத்தகொண்டப்பள்ளியில் உள்ளது. எக்ஸைடு நிறுவனம் ஓசூர்ப் பகுதியில் பேட்டரி தயாரிக்கிறது. மின்வழங்கல் கருவிகள் செய்யும் டெல்டா நிறுவனத்தின் தொழிற்சாலை கிருஷ்ணகிரி அருகே இயங்குகிறது. லித்தியம் பேட்டரிக் கலங்களை ஓலா நிறுவனம் போச்சம்பள்ளிப் பகுதியில் உருவாக்குகிறது. மருத்துவமனையின் மாற்று மின் வரிசைக்கு வேண்டிய பெரும்பாலான உறுப்புகள் இந்த ஒரே மாவட்டத்தில் பிறக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் திறனும் இங்கே தட்டுப்பாடில்லை: வண்டிகளையும் கைக்கடிகாரங்களையும் தயாரிக்கும் ஆலைகளில், ஒரு நிமிட நிறுத்தமும் நட்டம் என்பதால், முன்கூட்டியே உறுப்புகளை மாற்றும் அட்டவணைகளும் அதற்கான பொறியாளர்களும் உண்டு. பெரும்பாலான மருத்துவமனைகளில் இல்லாதது அந்த ஒழுங்கே. ஜெனரேட்டரைச் சுமையில்லாமல் ஐந்து நிமிடம் ஓட்டிப் பதிவேட்டில் கையெழுத்திடுவது சோதனை ஆகாது. நீண்ட நாள் அவ்வாறு ஓட்டினால் எரியாத எண்ணெயும் கரியும் எஞ்சினுக்குள் படிந்து, தேவைப்படும் நாளில் அது தடுமாறும். மின்வாரிய இணைப்பை உண்மையாகவே நிறுத்தி, மருத்துவமனையின் சுமை முழுவதையும் ஏற்றி, மாறும் நொடிகளை அளந்து பார்ப்பதே சோதனை.

2013ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் தம் சராசரி நிகர லாபத்தில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். அத்தொகையில் அரசு மருத்துவமனைகளுக்கு இயந்திரங்கள் வந்து சேருகின்றன. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் உண்டு, மூன்றாம் ஆண்டில் பேட்டரி மாற்றப் பணம் இருப்பதில்லை. இப்பகுதியின் ஆலைகள் புதிய இயந்திரம் ஒன்றைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஏற்கெனவே உள்ளவற்றுக்குப் பத்தாண்டுப் பராமரிப்பையும் மாதம் ஒருமுறை முழுச்சுமைச் சோதனைக்குத் தம் பொறியாளர்களையும் கொடுக்கட்டும். மருத்துவமனையின் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களில் அமர்வோர், சென்ற சோதனை எந்தத் தேதியில், எவ்வளவு சுமையில் நடந்தது என்று கேட்டு, விடையை எழுத்தில் பெற வேண்டும்.